அதுவே சொல்லும் என்று காத்திருக்க வேண்டாம்: தீராத நோயில் இருக்கும் செல்லப்பிராணிக்கு விடைகொடுக்கும் நேரம்

வீட்டில் வளர்க்கும் நாய்க்கோ பூனைக்கோ வந்திருப்பது இனிக் குணமாகாத நோய் என்று தெரிந்துவிட்டால், சுற்றியிருப்பவர்கள் பெரும்பாலும் ஒரே ஆறுதலைத்தான் சொல்வார்கள்: "கவலைப்படாதே, நேரம் வந்தால் அதுவே உனக்குச் சொல்லிவிடும்." நல்ல மனதோடு சொல்வதுதான். ஆனால் அதை மட்டும் நம்பிக் காத்திருந்த பலர், கடைசியில் நடுராத்திரியில் மூச்சுக்குத் தவிக்கும் பிராணியை அள்ளிக்கொண்டு, எந்த மருத்துவமனை திறந்திருக்கும் என்று தேடி ஓடியிருக்கிறார்கள். அந்த ஓட்டத்தில் விடைபெற நேரம் இருப்பதில்லை. விடைகொடுப்பது என்று இங்கே நான் சொல்வது, மருத்துவர் ஊசி போட்டு வலியில்லாமல் உயிரை முடிக்கும் கருணைக்கொலையை.

நாயும் பூனையும் வலியை எளிதில் காட்டிக்கொள்ளாது. பலவீனம் வெளியே தெரிந்தால் ஆபத்து என்ற நிலையில் வாழ்ந்த விலங்குகளின் வழிவந்தவை அவை. வீட்டுக்குள் வந்த பிறகும் அந்தச் சுபாவம் போகவில்லை. பூனையிடம் இது இன்னும் அதிகம். அது வேட்டையாடும் விலங்குதான், ஆனால் தன்னைவிடப் பெரியவற்றுக்கு இரையாகக்கூடிய உடம்பும்கூட. அதனால் எலும்புப் புற்றுநோய் இருக்கும் நாய் நீங்கள் கதவைத் திறக்கும்போது வாலை ஆட்டும். கடும் வலியில் இருக்கும் பூனை தொண்டைக்குள் கர்ரென்று ஒலியெழுப்பும். நாம் அது சுகமாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வோம். "கத்தவில்லையே, அப்படியென்றால் வலி இல்லை" என்பதுதான் நாம் எடுக்கும் முதல் தவறான முடிவு. நாள்பட்ட வலியில் பிராணிகள் கத்துவது அபூர்வம்.

அவை சொல்வது வேறு விதமாக. கட்டில்மேல் ஏறிப் படுத்துப் பழகிய நாய், கட்டிலோரம் வந்து நிற்கும். ஒரு முன்னங்காலைத் தூக்கி மெத்தைமேல் வைக்கும். கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும். பிறகு காலை இறக்கிக்கொண்டு தரையில் படுத்துவிடும். இதைப் பார்ப்பவருக்கு "இப்போதெல்லாம் கீழே படுக்கத்தான் பிடிக்கிறது" என்று தோன்றலாம். இரவில் வெயிலும் இல்லாமல் ஓட்டமும் இல்லாமல் நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைப்பது, படுத்த இடத்தில் நிலைகொள்ளாமல் எழுந்து எழுந்து இடம் மாறுவது, ஒரே காலை நக்கிக்கொண்டே இருப்பது, இதெல்லாம் வலியின் பேச்சு. பூனை என்றால் முதலில் ரோமத்தைப் பாருங்கள். முதுகின் பின்பாதியிலும் இடுப்பிலும் ரோமம் சிக்குப்பிடித்துக் கிடந்தால், அதற்கு உடம்பைத் திருப்பி நக்கிச் சுத்தம் செய்ய முடியவில்லை அல்லது மனமில்லை என்று பொருள். கால்களை உடம்புக்கடியில் இழுத்துக்கொண்டு, முதுகைக் குவித்து, கண்ணைப் பாதி மூடியபடி, யாரும் வராத இடமாகப் பார்த்து உட்காரும்.

பூனையின் முகத்தைப் படிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. கனடாவின் மாண்ட்ரியல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2019-ல் வெளியிட்ட முகக்குறி அளவுகோல் அது. காதுகள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன, கண் எவ்வளவு இடுங்கியிருக்கிறது, வாய்ப்பகுதி இறுகியிருக்கிறதா, மீசை விறைத்து நிற்கிறதா, தலை தோளுக்குக் கீழே தொங்குகிறதா என்று ஐந்து விஷயங்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். மொத்தம் 10-க்கு 4 அல்லது அதற்கு மேல் வந்தால் வலி மருந்து தேவை என்று எடுத்துக்கொள்ளலாம். திடீர் வலியை அளப்பதற்காக உருவாக்கியது என்பதால் நாள்பட்ட வலி முழுவதையும் இது பிடித்துவிடாது. ஆனாலும் பூனையின் முகத்தில் எதைக் கவனிப்பது என்று நம் கண்ணுக்குப் பழக்கிவிடும்.

மதிப்பெண்ணும் நாட்காட்டியும்

வாழ்க்கைத் தரத்தை வீட்டிலிருந்தே மதிப்பிட, உலகம் முழுவதும் கால்நடை மருத்துவர்கள் அதிகம் பரிந்துரைப்பது ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் 2004-ல் முன்வைத்த அளவுகோலை. வலி, பசி, உடலின் நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்ற கேள்வி, ஆக ஏழு அம்சங்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை; 10 என்றால் மிக நல்ல நிலை. கூட்டுத்தொகை 35-க்கு மேல் இருந்தால் பராமரிப்பைத் தொடரலாம் என்பது அவர் வைத்த எல்லை. வலி என்ற தலைப்பின் கீழேயே அவர் மூச்சையும் சேர்த்திருக்கிறார்; அதோடு, எல்லாவற்றுக்கும் முதலிடம் மூச்சுக்குத்தான். மூச்சு விட முடியாத நிலையைவிடப் பெரிய வேதனை ஒரு பிராணிக்கு இல்லை.

இதை ஒரு தீர்ப்பு இயந்திரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து. 36 வந்தால் வாழலாம், 34 வந்தால் முடிந்தது என்று யாரும் சொல்லவில்லை. மற்ற ஆறிலும் நல்ல மதிப்பெண் இருந்து, வலி ஒன்று மட்டும் எந்த மருந்துக்கும் அடங்காமல் 1-ல் நின்றால், கூட்டுத்தொகை என்ன சொன்னாலும் அந்தப் பிராணி வேதனையில்தான் இருக்கிறது. அளவுகோலின் உண்மையான பலன் வேறு. வாரம் இருமுறை ஒரே நேரத்தில் எழுதி வைத்தால், நம் ஞாபகம் செய்யும் மாயம் அதில் எடுபடாது. மனம் நேற்று அது இரண்டு வாய் சாப்பிட்டதை நினைவில் வைத்துக்கொண்டு, அதற்கு முந்தைய மூன்று நாள் பட்டினியை மறந்துவிடும். எழுதிய தாள் மறக்காது. வீட்டில் இரண்டு மூன்று பேர் இருந்தால் ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் தனித்தனியாக எழுதிப் பாருங்கள். நாள் முழுக்கக் கூடவே இருந்து கவனிப்பவருக்கும், மாலையில் வேலை முடிந்து வந்து பார்ப்பவருக்கும் மதிப்பெண் நிறைய வேறுபடும். வந்தவரைப் பார்த்த மகிழ்ச்சியில் எழுந்து நிற்கும் அந்தப் பத்து நிமிடத்தை மட்டுமே அவர் பார்க்கிறார்.

மதிப்பெண் எல்லாம் வேண்டாம், மனசு கேட்கவில்லை என்றால் நாட்காட்டி போதும். ஒவ்வொரு நாளும் படுக்கப்போகும் முன் அன்றைய கட்டத்தில் நல்ல நாள் அல்லது கெட்ட நாள் என்று ஒரு குறி. முதலில் கெட்ட நாட்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும். அப்புறம் இரண்டு இரண்டாகச் சேர்ந்து வரும். அடுத்தடுத்து வரும் கெட்ட நாட்களுக்கு இடையே நல்ல நாள் ஒன்றே ஒன்று என்ற நிலை வரும்போது, முடிவைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

இன்னொன்றையும் செய்யலாம், அதுவும் நோய் முற்றுவதற்கு முன்பே. உங்கள் பிராணியைத் தனித்துக் காட்டும் நான்கைந்து பழக்கங்களை எழுதி வையுங்கள். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டதும் ஓடுவது, பந்தைக் கொண்டுவந்து காலடியில் போடுவது, ஜன்னலோரம் உட்கார்ந்து பறவைகளைப் பார்த்துச் சன்னமாகச் சத்தம் எழுப்புவது, இப்படி அதற்கே உரியவை. இவற்றில் பாதிக்கு மேல் நின்றுபோய், மருந்து கொடுத்தும் திரும்பவில்லை என்றால் அது முக்கியமான அடையாளம். நோய் முற்றிய பிறகு இந்தப் பட்டியலை எழுத உட்கார்ந்தால், "அது அவ்வளவு ஒன்றும் ஓடியதில்லை" என்று மனம் பேரம் பேசும்.

எல்லா நோயும் ஒரே மாதிரி முடிவதில்லை

எப்போது என்ற கேள்விக்கு, பிராணியின் இன்றைய நிலையைப் பார்த்து மட்டும் பதில் சொல்ல முடியாது. அந்த நோய் வழக்கமாக எப்படி முடியும் என்று தெரிந்திருக்க வேண்டும். மருத்துவரிடம் எத்தனை பேர் இதைக் கேட்கிறார்கள்? "இன்னும் எவ்வளவு நாள்" என்று கேட்போம். "கடைசி நாட்கள் எப்படி இருக்கும்" என்று கேட்க நா எழாது.

சில நோய்கள் சரிவு. வயதான பூனைகளுக்கு வரும் நாள்பட்ட சிறுநீரக நோய் அப்படிப்பட்டது. மாதங்கள், சில சமயம் ஆண்டுகள் என்று மெல்ல இறங்கும். நடுவில் ஒரு இறக்கம் வந்தாலும், தோலுக்கடியில் திரவம் ஏற்றுவது, குமட்டலுக்கு மருந்து, பசியைத் தூண்டும் மருந்து என்று கொஞ்சம் மேலே ஏற்றிவிடலாம். அதனால்தான் இதில் முடிவெடுப்பது மிகக் கடினம். ஒவ்வொரு ஏற்றமும் முந்தையதைவிடக் கொஞ்சம் கீழே நிற்கும். நாம் ஏற்றத்தை மட்டும் பார்ப்போம். கடைசிக் கட்டத்தில் கழிவுகள் ரத்தத்தில் தேங்கி, ஓயாத குமட்டலும் வாய்ப்புண்ணும் வந்து, பூனை தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைக் குனிந்தபடி குடிக்காமல் உட்கார்ந்திருக்கும்.

சில நோய்கள் செங்குத்துப் பாறை. நாய்களின் மண்ணீரலில் வரும் ரத்தக்குழாய்ப் புற்றுநோய் அப்படி. காலையில் சாப்பிட்டு நடைக்குப் போய்வந்த நாய், மதியம் கட்டி வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் கசிந்து சாய்ந்துவிடும், ஈறு வெளுத்துப்போயிருக்கும். அறுவைச் சிகிச்சை மட்டும் செய்தால் பெரும்பாலானவற்றுக்குக் கிடைப்பது ஒன்று முதல் மூன்று மாதங்கள்தான். இதயத்தசை நோய் உள்ள பூனைக்கு ரத்தக்கட்டி போய்ப் பின்னங்கால்களுக்கான தமனியை அடைத்தால், இரண்டு கால்களும் நொடியில் செயலிழந்து சில்லிட்டுப் போகும். பூனைகள் வாய்விட்டு அலறும் அபூர்வமான வலிகளில் அது ஒன்று. இத்தகைய நோய்களில் "இன்னும் நன்றாகத்தானே இருக்கிறது" என்பது உண்மைதான், ஆனால் நாளைக்கு அது உத்தரவாதம் ஆகாது. நன்றாக இருக்கும்போதே விடைகொடுப்பதா, வெடிக்கும் நாள் வரட்டும் என்று இருப்பதா என்பதுதான் அங்கே உள்ள தேர்வு. இரண்டில் எதைத் தேர்ந்தாலும் தெரிந்தே தேர்ந்தெடுக்க வேண்டும். பாறையின் விளிம்புவரை போக முடிவெடுத்தால், இருபத்துநான்கு மணிநேரமும் திறந்திருக்கும் மருத்துவமனை எது, அங்கே போக எவ்வளவு நேரமாகும் என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பது அடிப்படைத் தேவை.

இதயச் செயலிழப்பு இரண்டுக்கும் நடுவில் நிற்கும். அதற்கு வீட்டிலேயே எடுக்கக்கூடிய ஓர் அளவு உண்டு. பிராணி அயர்ந்து தூங்கும்போது மார்பு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். நாயானாலும் பூனையானாலும் நிமிடத்துக்கு 30-க்குக் கீழே இருக்க வேண்டும். அதைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் நுரையீரலில் நீர் கோக்கிறது என்று சந்தேகிக்கலாம். மருந்தின் அளவைக் கூட்டியும் எண்ணிக்கை இறங்கவில்லை என்றால், அடுத்து வரப்போவது நீரில் மூழ்குவதைப் போன்ற திணறல். அதற்கு முன்பே முடிவெடுப்பதுதான் கருணை.

எலும்புப் புற்றுநோய் வேறு விதத்தில் ஏமாற்றும். பெரிய உடல்வாகுள்ள நாய்களின் கால் எலும்பில் வரும்போது பசி கடைசிவரை போகாமலே இருக்கலாம். வாலாட்டல் நிற்காது. ஆனால் எலும்பை நோய் அரித்துக்கொண்டிருக்கும். ஒருநாள் சாதாரணமாகத் திரும்பும்போதே கால் ஒடிந்துவிடும். "சாப்பிடுகிறது, அதனால் இன்னும் நேரம் இருக்கிறது" என்ற கணக்கு இங்கே முழுக்கத் தப்பு. வயதான நாய்களின் மூளைத் தேய்வும் இப்படித்தான், உடம்பில் எதையும் காட்டாது. இரவெல்லாம் நடை, மூலையில் முட்டிக்கொண்டு வெளியே வரத் தெரியாமல் நிற்பது, வளர்த்தவர் முகத்தையே புதிதாகப் பார்ப்பது என்று பகலும் இரவும் பயத்திலேயே கழியும். எக்ஸ்ரேயில் தெரியாது, ஆனால் பயமும் வேதனைதான்.

பசி நின்றால் முடிவா?

பசியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் முடிவை அதில்தான் தொங்கவிடுகிறார்கள். சாப்பிடாமல் போவதற்குப் பல காரணங்கள், அவற்றில் சில சரிசெய்யக்கூடியவை. குமட்டலை நிறுத்தினாலே சாப்பிடும் பூனைகள் உண்டு. வலிக்குச் சரியான மருந்து கிடைத்ததும் கிண்ணத்தைத் தேடும் நாய்கள் உண்டு. பல்லில் பிரச்சினை, மருந்தின் கசப்பு, பக்கவிளைவு என்று எதுவாகவும் இருக்கலாம். அதே நேரம் பூனை சில நாட்கள் தொடர்ந்து சாப்பிடாமல் இருந்தால், அதிலும் பருத்த பூனை என்றால், உடலின் கொழுப்பு ஈரலில் போய்ப் படிந்து புதிதாக ஒரு நோயே வந்துவிடும். ஆகவே பசி நின்றதும் முடிவுக்குத் தாவுவதும் தவறு, "நாளைக்குச் சாப்பிடும்" என்று ஒரு வாரம் விடுவதும் தவறு. முதலில் மருத்துவரிடம் காரணம் கேட்க வேண்டும்.

பூனையின் வாய்க்குள் வரும் புற்றுநோயில் இன்னொரு காட்சி. பசி இருக்கும், கிண்ணத்தருகே ஓடி வரும், முகர்ந்து பார்க்கும், வாயைத் திறக்கும், வலியில் பின்வாங்கும். மறுபடி வரும். பசியிருந்தும் சாப்பிட முடியாத இந்த நிலையை நீட்டிக்க எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

வலி விஷயத்தில் எதிர்ப்பக்கத் தவறும் நடக்கும். வலிக்கு முழுமையாக வைத்தியமே பார்க்காமல், வலியில் இருக்கிறது என்பதற்காக முடிவெடுத்துவிடுவது. இன்று கால்நடை மருத்துவத்தில் வலியைக் கட்டுப்படுத்தப் பல வழிகள் உள்ளன. அழற்சி எதிர்ப்பு மருந்துகள், நரம்பு வலிக்கு காபாபென்டின், கடும் வலிக்கு மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வகைகள், மூட்டுத் தேய்மானத்துக்கு மாதம் ஒருமுறை போடும் ஊசிகள்கூட வந்துவிட்டன. ஒன்று போதவில்லை என்றால் இரண்டைச் சேர்த்துக் கொடுப்பார்கள். "வலிக்கு இதைவிட அதிகமாக எதுவும் செய்ய முடியுமா?" என்று மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். ஆனால் நம் மருந்துப் பெட்டியிலிருந்து எதையும் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். பாராசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லப் போதும். அதை முறித்து வெளியேற்றும் நொதி பூனையின் ஈரலில் மிகக் குறைவு. ஐபுப்ரோஃபென் நாயின் வயிற்றைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

ஸ்டீராய்டு கொடுத்தாலோ டிரிப் ஏற்றினாலோ சில நாட்கள் பிராணி துள்ளி எழும். அது பொய்யல்ல, அந்த நாட்கள் பிராணிக்கு உண்மையிலேயே நல்ல நாட்கள். ஆனால் நோய் பின்வாங்கியது என்று அதற்குப் பொருள் இல்லை.

மருத்துவர் சொல்லும் காலக்கணக்கையும் சரியாகப் புரிந்துகொள்வது நல்லது. நாய்களுக்கு வரும் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோயை எடுத்துக்கொள்வோம். சிகிச்சை இல்லாவிட்டால் நான்கு முதல் ஆறு வாரங்கள். பல மருந்துகள் சேர்ந்த கீமோ கொடுத்தால் ஏறத்தாழ ஓராண்டு. இந்த ஓராண்டு என்பது இடைநிலைக் கணக்கு. பாதி நாய்கள் அதற்குமுன்பே போய்விடும், பாதி அதைத் தாண்டும். உங்கள் நாய் எந்தப் பாதியில் என்று யாராலும் சொல்ல முடியாது. எனவே அந்த எண்ணை நாட்காட்டியில் குறித்து, அதுவரை நிச்சயம் என்று இருந்துவிட வேண்டாம்.

ஒரு நாளா, ஒரு காலமா

சரியான நாள் ஒன்று இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்கத் தவறிவிடுவோம் என்ற பயம்தான் எல்லோரையும் வாட்டுகிறது. அப்படி ஒரு நாள் கிடையாது. தீராத நோயில் ஒரு காலப்பகுதி உண்டு. அதன் முன்முனையில் பிராணிக்கு இன்னும் கொஞ்சம் நல்ல நேரம் மிச்சமிருக்கும். பின்முனையில் வேதனையைத் தவிர வேறொன்றும் இருக்காது. இரண்டு முனைகளுக்கும் நடுவில் எந்த நாளில் முடிவெடுத்தாலும் அது நியாயமான முடிவுதான். அந்தக் காலப்பகுதி சரிவு நோய்களில் வாரக்கணக்கில் நீளும், பாறை நோய்களில் மிகக் குறுகும்.

ஒரு நாள் தாமதிப்பதைவிட ஒரு வாரம் முந்துவது மேல் என்று கால்நடை மருத்துவர்கள் பலரும் சொல்வதுண்டு. முதலில் கேட்கும்போது கொடுமையாகத் தோன்றும். ஒரு வாரத்தை அதனிடமிருந்து எப்படிப் பறிப்பது? ஆனால் யோசித்துப் பாருங்கள். தீராத நோயில் இருக்கும் மனிதருக்கு அடுத்த வாரம் பெறுமதியானது. மகள் வருவாள், பேரன் பரீட்சை முடிவு வரும், சொல்ல வேண்டியது பாக்கி இருக்கும். அதற்காக இன்றைய வலியைப் பொறுத்துக்கொள்ள முடியும், ஏன் பொறுக்கிறோம் என்று அவருக்குத் தெரியும். பிராணிக்கு அந்த வசதி இல்லை. இந்த வலி எதற்கு, எப்போது முடியும் என்று அதற்குத் தெரியாது. அதன் உலகம் இன்று, இந்த அறை, இந்த உடம்பு. வராமல் போன அடுத்த வாரத்தை அது இழப்பாக உணரப்போவதில்லை; மூச்சுத் திணறிய ஓர் இரவை முழுதாக அனுபவிக்கும். கூடுதல் வாரம் தேவைப்படுவது நமக்குத்தான். அப்படித் தேவைப்படுவது தப்பில்லை. ஆனால் அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

"தூக்கத்திலேயே நிம்மதியாகப் போய்விட்டால் நன்றாக இருக்குமே" என்று ஆசைப்படாதவர் இல்லை. அப்படி நடப்பது மிகக் குறைவு. இந்த நோய்கள் தாமாக முடியும் வழி பெரும்பாலும் திணறல், வலிப்பு, ரத்தக்கசிவு, பல நாள் பட்டினி. ஓர் உயிரை எந்தக் காரணத்துக்காகவும் முடிக்கக் கூடாது என்பது சிலரின் ஆழமான நம்பிக்கை, அதை மதிக்கிறேன். அவர்களுக்கும் வழி உண்டு. மருத்துவரின் மேற்பார்வையில், வலிக்கும் மூச்சுக்கும் வலுவான மருந்துகளோடு, படுக்கைப்புண் வராமல் புரட்டிப்போட்டு, கடைசிவரை கூட இருந்து பார்த்துக்கொள்வது. அது இரவு பகல் பாராத வேலை. ஒன்றும் செய்யாமல் இயற்கையிடம் விட்டுவிடுவதை அதோடு சேர்த்துப் பேச முடியாது.

கவனித்துக்கொள்பவரின் நிலை

பணத்தையும் களைப்பையும் பற்றிப் பேசவே கூச்சப்படுவோம். பேச வேண்டும். அமெரிக்க உளவியலாளர் மேரி பெத் ஸ்பிட்ஸ்நாகல் தலைமையில் 2017-ல் வெளியான ஓர் ஆய்வு, நாள்பட்ட நோயுள்ள பிராணியை வளர்ப்பவர்களுக்கு, நலமான பிராணியை வளர்ப்பவர்களைவிட மன அழுத்தமும் மனச்சோர்வு, பதற்ற அறிகுறிகளும் அதிகம் என்று காட்டியது. வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்பவர்களிடம் பேசப்படும் அதே சுமைதான். இரவு மூன்று முறை எழுந்து சிறுநீர் துடைத்து, காலையில் வேலைக்குப் போய், மாலையில் திரவம் ஏற்றி, மாதச் செலவைக் கணக்குப் போட்டுத் தூங்காமல் கிடப்பவரால் நிதானமாக முடிவெடுக்க முடியாது. முப்பது கிலோ நாயைத் தூக்கி நிறுத்த வீட்டில் ஆள் இல்லை என்பதும் அந்த நாயின் வாழ்க்கைத் தரத்தின் ஒரு பகுதிதான். பணம் தீர்ந்துபோனதால் முடிவெடுத்தவர்கள் அன்பில் குறைந்தவர்கள் அல்ல.

வீட்டுக்குள் கருத்து வேறுபாடு வரும். ஒருவர் இன்னும் கொஞ்சம் என்பார், மற்றவர் போதும் என்பார். அன்பை வைத்து வாதாடினால் சண்டைதான் மிஞ்சும். முன்பு எழுதிய தாளையும் நாட்காட்டியையும் நடுவில் வைத்துப் பேசுங்கள். மருத்துவரையும் பேச்சில் சேருங்கள். "இது உங்கள் பிராணியாக இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால் சிலர் நேராகச் சொல்வார்கள், சிலர் தயங்குவார்கள். அதைவிட நல்ல பதில் வரவழைக்கும் கேள்வி, "எந்த அறிகுறியைப் பார்த்தால் அன்றே உங்களைக் கூப்பிட வேண்டும்?" என்பது.

அந்த ஊசி என்ன செய்கிறது

கருணைக்கொலை எப்படி நடக்கும் என்று தெரியாததால் வரும் பயமே சிலரைத் தள்ளிப்போட வைக்கிறது. முதலில் பெரும்பாலும் மயக்க ஊசி. ஐந்து பத்து நிமிடங்களில் பிராணி ஆழ்ந்த தூக்கத்துக்குப் போய்விடும். அதற்குப் பிறகு நடப்பது எதுவும் அதற்குத் தெரியாது. அப்புறம் ரத்தநாளம் வழியாக பென்டோபார்பிட்டல் என்ற மருந்தை அதிக அளவில் செலுத்துவார்கள். ஒரு காலத்தில் மனிதர்களுக்கும் தூக்க மருந்தாகப் பயன்பட்ட வகையைச் சேர்ந்தது அது. மூளையின் செயல்பாட்டை அடக்கும் சமிக்ஞைகளை அது பலமடங்காக்கும். முதலில் நினைவு போகும், அடுத்து மூச்சு நிற்கும், பிறகு இதயம். எல்லாம் சில நிமிடங்களுக்குள். மருத்துவர் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்துத்தான் முடிந்ததென்று சொல்வார்.

முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியவை சில. கண் மூடாது, திறந்தே இருக்கும். இதயம் நின்ற பிறகும் ஓரிரு முறை மூச்சிழுப்பது போன்ற அசைவு வரலாம், தசை துடிக்கலாம், சிறுநீர் கழியலாம். இவை உடலின் அனிச்சைச் செயல்கள், பிராணி எதையும் உணர்வதில்லை. யாரும் சொல்லாமல் இதைப் பார்த்தவர்கள், "அது கஷ்டப்பட்டது" என்று பல ஆண்டுகள் மனதில் சுமந்திருக்கிறார்கள். நோயால் ரத்தக்குழாய் சுருங்கிப்போன பூனைக்கு ஊசி ஏற்ற ரத்தநாளம் கிடைக்காமல், முழு மயக்கத்தில் வேறு இடத்தில் ஊசி போட நேரலாம். அதுவும் வழக்கமான முறைதான்.

கூட இருக்க முடிந்தால் இருங்கள். முடியாதவர்களைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் மயக்கம் வரும்வரையாவது பழகிய குரல் ஒன்று அருகில் இருந்தால் பிராணிக்குப் பயம் குறையும். மருத்துவர் வீட்டுக்கே வருவார் என்றால், மருத்துவமனையைக் கண்டாலே நடுங்கும் பிராணிக்கு அதுதான் நல்லது.

உடலை என்ன செய்வது என்பதை அன்றைக்கு யோசிக்க முடியாது, முன்பே தீர்மானியுங்கள். பென்டோபார்பிட்டல் உடலில் நீண்ட நாள் அழியாமல் இருக்கும். ஆழமில்லாமல் புதைத்த உடலைத் தோண்டித் தின்னும் நாய்களும் கழுகுகளும் அதனால் இறந்திருக்கின்றன. எரிப்பது பாதுகாப்பானது, புதைப்பதென்றால் மற்ற விலங்குகள் தோண்ட முடியாத ஆழம் வேண்டும்.

குழந்தைகளிடம் "தூங்கப் போய்விட்டது" என்று சொல்ல வேண்டாம். அன்றிரவு அவர்களே தூங்கப் பயப்படுவார்கள். நோய் மிக அதிகமாகிவிட்டது, மருந்தால் சரிசெய்ய முடியவில்லை, வலியில்லாமல் இறக்க மருத்துவர் உதவினார் என்று எளிமையாகச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். வீட்டில் இன்னொரு பிராணி இருந்தால் அது சில நாட்கள் தேடும், சாப்பாடு குறையும். வழக்கமான நேரங்களை மாற்றாமல் வைத்திருப்பது அதற்கு உதவும்.

பிறகு வரும் குற்றவுணர்ச்சி ஏறக்குறைய எல்லோருக்கும் உண்டு. சீக்கிரம் முடித்தவர் "அவசரப்பட்டேனோ" என்பார், தாமதித்தவர் "கஷ்டப்படவிட்டேனோ" என்பார். இரண்டு பேருமே பிராணியைப் பற்றி யோசித்து யோசித்து முடிவெடுத்தவர்கள்தான். சிலருக்கு அழுகையோடு கூடவே ஒரு நிம்மதியும் வரும், அதற்காகத் தங்களையே வெறுப்பார்கள். பல மாதம் காவல் இருந்த உடம்பு ஓய்கிறது, அவ்வளவுதான். மனம் ஆறவில்லை என்றால், சில வாரங்கள் கழித்து அதே மருத்துவரிடம் போய், "நாங்கள் இன்னும் ஒரு வாரம் காத்திருந்தால் என்ன நடந்திருக்கும்?" என்று கேளுங்கள். நோயின் போக்கு தெரிந்தவர் என்பதால் பெரும்பாலும் தெளிவாகவே பதில் சொல்வார். அந்தப் பதிலைக் கேட்ட பிறகு தூங்க முடிந்தவர்கள் இருக்கிறார்கள்.